துரையின் ஓட்ஸை நான் கழுவிய கதை

சேர்வராயன் மலையில் காப்பிக்கொட்டையை ஊறவைத்துக் கழுவுவதில் என்னை மிஞ்சிய ஆள் இன்றுவரை பிறக்கவில்லை. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. (தற்பெருமைக்கு என்னிடம் வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன.) ஆனால் ஊறவைத்ததை எல்லாம் கழுவக் கூடாது என்ற சின்ன விஷயம் மட்டும் இருபது வயது தாண்டும்வரை எனக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்க ஒரு டின் ஓட்ஸ், இரண்டு துரைகள், ஒரு குதிரை என்று பெரிய பட்டாளமே தேவைப்பட்டது.

நான் அதிகம் படித்தவன் இல்லை. மழைக்கு மட்டுமே பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன். ஏற்காட்டில் மழை கொஞ்சம் அதிகம் என்பதால் இரண்டாம் வகுப்பு வரை வந்துவிட்டது. இன்றைக்கு எனக்குச் சொந்தமாகக் காப்பித் தோட்டம் இருக்கிறது, லாரி இருக்கிறது, கரடியூரிலிருந்து செம்மநத்தம் வரை பெரியண்ணன் என்றால் எழுந்து நிற்காதவர்கள் குறைவு. (எழுந்து நிற்காதவர்களுக்கு மூட்டுவலி என்று நான் எடுத்துக்கொள்வேன்.) இப்படிப்பட்ட என்னை, சேலத்தில் வேலைக்குப் போகும் என் மருமகள் ஒருத்தி போன மாதம் தலைகுனிய வைத்துவிட்டாள். காலையில் அவசரத்துக்கு ஆகும் என்று ராத்திரியே ஓட்ஸில் பால் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவள், என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமா, நீங்க இந்தப் பக்கம் வராதீங்க, கழுவிடுவீங்க" என்றாள். வீடே சிரித்தது. வெளியாட்கள் தப்பும் தவறுமாகக் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது மேல் என்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

அது வெள்ளைக்காரன் காலம், யுத்த சமயம். தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பல்பர் கொட்டகையில் எனக்கு வேலை. பல்பர் என்பது பழுத்த காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மிஷின். தோல் போனாலும் கொட்டையின் மேல் ஒரு கொழகொழப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப்போட்டு, காலையில் காலால் மிதித்து, ஓடுகிற தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். ஒரு கைப்பிடி அள்ளிக் கசக்கினால் கூழாங்கல் மாதிரி கரகரவென்று சத்தம் வர வேண்டும். வந்தால் களத்தில் காயப்போடலாம். வராவிட்டால் இன்னும் மிதிக்க வேண்டும். இதுதான் நான் கற்ற வித்தை. உலகத்தில் எந்தப் பொருளுக்கும் இதுவே சட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் துரை கல்யாணமாகாதவர். காப்பி பறிக்கும் மாதங்களில் விடிவதற்கு முன்பே ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பப் போய்விடுவார். பங்களாவின் சமையல்கட்டு பின்னால் தனியாக இருந்தது. பனிக்காலத்தில் விறகு ஈரமாக இருக்கும், அடுப்பு பற்றுவதற்குள் சூரியன் வந்துவிடும். அதனால் துரையே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ராத்திரி ஒரு கிண்ணத்தில் ஓட்ஸைப் போட்டு, காய்ச்சி ஆறின பாலை ஊற்றி, உலர்ந்த திராட்சை நாலு தூவி, வலைக் கதவு போட்ட அலமாரியில் மூடி வைத்துவிட வேண்டும். காலையில் நம் மலை ஆரஞ்சுச் சுளையை மேலே வைத்தால் தீர்ந்தது. அடுப்பும் வேண்டாம், புகையும் வேண்டாம். நின்றபடியே தின்றுவிட்டுப் போய்விடுவார்.

இதைத் தினமும் செய்தவர் பட்லர் ஆறுமுகம். எனக்குத் தாய்மாமன் முறை. ஒரு தடவை அவர் செய்த புட்டிங்கைத் தின்றுவிட்டு துரை, "குட் பாய்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மாமாவுக்குப் பூமியில் கால் பாவவில்லை. அவர் கணக்கில் மனிதர்களில் இரண்டு ஜாதிதான்: துரை வாயால் குட் பாய் வாங்கினவன், வாங்காதவன். என் அம்மா அவரிடம் அவர் மகள் நல்லம்மாளை எனக்குக் கேட்டுப் போனபோதும் அந்தத் தராசையே தூக்கினார். "துரை வாயால ஒரு குட் பாய் வாங்கிட்டு வரட்டும் உன் மவன். அன்னிக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

பல்பர் கொட்டகையில் நிற்பவனுக்கு எந்தத் துரை குட் பாய் சொல்லப்போகிறான்? அங்கே கிடைப்பதெல்லாம் வேறு சொற்கள்.

நல்லம்மாள் தினமும் மாட்டுக்கொட்டகையிலிருந்து பங்களாவுக்குப் பால் கொண்டுபோவாள். வழியில் பல்பர் கொட்டகை. நான் மிதிக்கிற மிதியைப் பார்க்கட்டும் என்று அவள் வரும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் உயரமாகக் காலைத் தூக்கி மிதிப்பேன். அவள் ஒரு நாள், "கால்ல முள்ளுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதையே ஒரு வாரம் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இப்படியிருக்கையில் மாமாவுக்குச் சேலத்தில் தங்கை வீட்டு விசேஷம் வந்தது. விசேஷத்தோடு இன்னொரு காரியமும் உண்டென்று கேள்விப்பட்டேன். அங்கே பஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை பார்க்கும் ஒரு பையன், நல்லம்மாளைக் கேட்டுக்கொண்டிருந்தான். மாமா அவனைப் பார்த்துவிட்டு வரப்போகிறார். அதற்குள் நான் ஒரு குட் பாய் வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் நல்லம்மாள் சேலத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள்.

ஓடிப்போய் மாமாவிடம், நீங்கள் வரும்வரை பங்களா சமையல்கட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றேன். வேறு ஆள் கிடைக்காத கொடுமையால் ஒத்துக்கொண்டார். அன்றைக்கு எஸ்டேட்டைப் பார்வையிட, எங்கள் துரைக்கும் மேலே இருக்கும் பெரிய துரை வருகிறார். வயிற்றுப் புண்காரர். காலையில் இந்த ஊறவைத்த ஓட்ஸைத் தவிர வேறு எதுவும் அவருக்கு ஆகாது. யுத்தத்தில் கப்பல் வருவது நின்றுபோய், எஸ்டேட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு டின். அதைத் துரை பெரிய துரைக்காகவே பூட்டி வைத்திருந்தார். மாமா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு டின்னை என் கையில் கொடுத்தார்.

"ராத்திரி ஊறப்போடோணும். எப்படீன்னா..."

"தெரியுமுங் மாமா."

"என்னடா தெரியும்?"

"ராத்திரி ஊறப்போட்டுக் காலைல எடுக்கறது. தெனமும் அதைத்தானுங்களே பண்றேன்."

"பாலை ஆற வெச்சு..."

"தெரியுமுங்."

அவர் மேலும் என்னென்னவோ சொன்னார். கொல்லைப்பக்கம் நல்லம்மாள் பீங்கான் கோப்பைகளைத் துலக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் எனக்கு எதுவும் ஏறவில்லை. (சத்தம் அவ்வளவு பெரியதில்லை. ஆனாலும் ஏறவில்லை.)

சாயங்காலம் பெரிய துரை குதிரையில் வந்து இறங்கினார். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, காரெல்லாம் கீழே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரையாம், செம்பட்டை நிறம், என்னைவிட நல்ல பராமரிப்பு. அதைக் குளியலறைச் சுவர் ஓரம் ஆரஞ்சு மரத்தில் கட்டினார்கள். கொள்ளு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மலை ஏறிய களைப்பில் தின்னவில்லையே என்று பெரிய துரை தன் வயிற்றுப் புண்ணை மறந்து குதிரையின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் டின்னைத் திறந்தேன். உள்ளே உமி மாதிரி, தவிடு மாதிரி ஏதோ இருந்தது. இரண்டு பெரிய மனிதர்கள், இதில் ஒரு கைப்பிடி போட்டு வைத்தால் மரியாதையா? டின்னை அப்படியே பித்தளை அண்டாவில் கவிழ்த்தேன். ஊற்றுத் தண்ணீரை நிரம்ப விட்டேன். பலகையால் மூடி, மேலே ஒரு கல்லும் வைத்தேன். பல்பர் கொட்டகையில் அப்படித்தான் வைப்போம். பிறகு குட் பாய் என்று சொன்னால் பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டு, "தேங்க்யூ சார்" என்று பாடம் பண்ணிக்கொண்டு படுத்தேன்.

விடியப்போகும் நேரத்தில் போய்ப் பார்த்தால் கல் தரையில் கிடந்தது. பலகை சாய்ந்திருந்தது. அண்டாவுக்குள் போட்டது அண்டாவுக்கு மேலே வந்து நின்றது. கையை விட்டேன். கொழகொழவென்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மாமா இத்தனை வருஷமாக இதைக்கூடக் கழுவாமலா துரைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்? ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தேன். கரகரக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கசக்கினேன். விரலிடுக்கில் வழிந்ததே தவிர, சத்தமில்லை.

அண்டாவில் வைத்து அலச முடியாது. ஓடுகிற தண்ணீர் வேண்டும். பங்களாவின் குளியலறையில் ஊற்றுத் தண்ணீர் குழாயில் வரும். துரை உட்கார்ந்து குளிக்கிற துத்தநாகத் தொட்டியும் இருந்தது. அடியில் ஓட்டை, ஓட்டைக்கு நேராகச் சுவரில் தண்ணீர் வெளியே போகும் ஜலதாரை. பார்த்ததும் எங்கள் கழுவுத் தொட்டியை வெள்ளைக்காரன் சின்னதாகச் செய்து வைத்திருப்பதுபோல் இருந்தது. அண்டாவைச் சுமந்துபோய்த் தொட்டியில் கொட்டினேன். துரையின் வாசனைச் சோப்பால் முழங்கால்வரை கழுவிக்கொண்டேன். (சுத்தத்தில் நான் அன்றும் குறை வைத்ததில்லை.) குழாயைத் திறந்துவிட்டு உள்ளே இறங்கி மிதிக்க ஆரம்பித்தேன்.

வெள்ளை வெள்ளையாகக் கொழகொழப்பு ஜலதாரை வழியே ஓடியது. பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சீக்கிரம் எந்தக் கொட்டையும் கொழகொழப்பு விட்டதில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. காப்பிக்கொட்டை கழுவக் கழுவ வெளுக்கும். இது கழுவக் கழுவக் குறைந்துகொண்டே வந்தது. எங்கேயோ அடியில்தான் நல்ல கொட்டை இருக்க வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினேன்.

பின்கதவு திறந்தது. நல்லம்மாள் பால் செம்போடு நின்றாள்.

"ஏனுங்க, தொரை தொட்டீல எறங்கி என்ன பண்றீங்க?"

"ஓட்ஸ் கழுவறேன். கொழகொழப்பு எடுக்கோணுமில்ல."

அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "எங்கய்யன் கழுவ மாட்டாருங்களே."

"உங்கய்யனுக்கு அவ்வளவுதான் தெரியும்."

அவள் கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அந்தக் கொழகொழப்புதானுங்க ஓட்ஸு."

எனக்குக் காலுக்குக் கீழே தொட்டி இருப்பதே மறந்துபோனது. குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

"மிச்சம் எங்கீங்க?" என்றாள்.

நான் ஜலதாரையைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கஞ்சியை உறிஞ்சிக் குடிப்பதுபோல் சத்தம் கேட்டது. இருவரும் வெளியே ஓடினோம். செம்பட்டைக் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து ஜலதாரைக்குக் கீழே நின்றிருந்தது. அதன் வாயெல்லாம் வெள்ளை. கொள்ளைத் திரும்பிப் பார்க்காத குதிரை, பிறந்த ஊர் சாப்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டது. (அங்கெல்லாம் குதிரைத் தீனியே ஓட்ஸ்தானாம்.) மூச்சு விடுவதற்குக்கூட அது தலையைத் தூக்கவில்லை.

அதற்குள் குதிரையைக் காணோம் என்று பெரிய துரை படுக்கும் அங்கியோடு சுற்றிக்கொண்டு வந்தார். குதிரை தின்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நேரே போய் அதன் கழுத்தில் தட்டி, "குட் பாய், குட் பாய்" என்றார்.

நான் குளியலறை வாசலில் நின்றிருந்தேன். குட் பாய் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் பாடம் பண்ணியிருந்தது தானாக வெளியே வந்தது. ஒரு சலாம் வைத்து, "தேங்க்யூ சார்" என்றேன்.

பெரிய துரை திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். முழங்கால்வரை ஓட்ஸ் பூசியிருந்த என் காலைப் பார்த்தார். உள்ளே தொட்டியைப் பார்த்தார். குதிரையின் வாயைப் பார்த்தார். படித்த மனிதர், கூட்டிக் கழித்துப் பார்க்க நேரம் ஆகவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டியின் மூலையில் சுரண்டி எடுத்ததை நல்ல கிண்ணத்தில் வைத்து, பால் விட்டு, ஆரஞ்சுச் சுளையால் மூடி மேஜைக்குக் கொண்டுபோனேன். எங்கள் துரை சுளையை விலக்கிவிட்டு, கீழே இருந்ததைத் தேடினார். டின் எங்கே என்றார். காலி டின்னைக் காட்டினேன். உள்ளே இருந்தது எங்கே என்றார். சொன்னால் புரியாது என்று, ஜன்னல் வழியே குதிரையைக் காட்டினேன். துரையின் முகம் பறிக்கிற பதத்துக்கு வந்த காப்பிப் பழம்போல் சிவந்தது. பெரிய துரை ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றுவிட்டுத் தோட்டம் பார்க்கக் கிளம்பினார். வயிறு முட்டத் தின்ற குதிரை ஓரடி எடுத்து வைக்க மறுத்துவிட்டது. வயிற்றுப் புண்காரர் அந்த ஒரே ஆரஞ்சோடு மலை இறக்கத்தில் நடந்தே போனார். எங்கள் துரை என்னிடம் ஒரே ஒரு சொல் சொன்னார்: "பல்பர்." விரலாலும் காட்டினார். போனேன்.

இரண்டு நாள் கழித்து மாமா வந்தார். மூட்டையைக்கூட இறக்காமல் நேரே கொட்டகைக்கு வந்து, நான் மிதிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கரகரக்குதாடா?" என்றார்.

நான் இன்னும் வேகமாக மிதித்தேன். சேலத்து ரைட்டர் பையனை அவருக்குப் பிடித்துவிட்டது என்றும், வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் கழுவிய கொட்டை ஒழுங்காகக் கழுவப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் நடந்தது எனக்குப் பின்னால் தெரிந்த கதை. மாமா சாப்பிட உட்கார்ந்து என்னைத் திட்டத் தொடங்கியிருக்கிறார். நல்லம்மாள் குழம்பை ஊற்றியபடியே பேச்சை எடுத்திருக்கிறாள்.

"அய்யா, பெரிய துரை குட் பாய்னு சொன்னாருங்க."

மாமா கையைத் தட்டிலேயே நிறுத்திவிட்டார். "யாரு, பெரிய துரையா?"

"நான் பக்கத்துல நின்னு கேட்டனுங்க. ரெண்டு தடவை சொன்னாரு."

"ஓட்ஸைக் கழுவி ஊத்துனவன் முன்னாலயா?"

"அவரு முன்னாலதானுங்க. அவரும் தேங்க்யூ சார்னு சொன்னாரு. சேர்வராயன் மேல சத்தியமுங்க."

சத்தியத்தில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாரைச் சொன்னார் என்று மாமா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாமாவுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. பதினைந்து வருஷம் புட்டிங் செய்து அவர் வாங்கியது சின்னத் துரையிடம் ஒரு குட் பாய். ஒரே காலையில் நான் வாங்கியது பெரிய துரையிடம் இரண்டு. பெரிய துரை சொன்ன பிறகு நாம் யார் என்று எழுந்து கை கழுவினார். வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று சேலத்துக்கு ஆள் போனது. வெற்றிலை பாக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது.

கல்யாணம் முடிந்து, குதிரைக்குச் சொன்னதை எனக்குச் சொன்னதாக ஏன் விட்டாய் என்று அவளைக் கேட்டேன். "சேலத்துக்காரரு நொம்ப சூதானமான ஆளுன்னு அய்யன் சொன்னாருங்க. சூதானமான ஆளைக் கட்டிக்கிட்டு ஆயுசுக்கும் எதைப் பார்த்துச் சிரிக்கறது?" என்றாள். இதை நான் புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு உண்மை தெரிந்தது எங்கள் மூத்தவனுக்குக் காது குத்தும்போது. பேரன் மடியில் இருக்கிற நேரம் பார்த்து அவளே சொல்லிவிட்டாள். பந்தியில் நான் உட்கார்ந்ததும் மாமா எல்லோருக்கும் கேட்க, "மாப்பிள்ளைக்குக் கொள்ளு ரசம் ஊத்தாதீங்க, மொகத்தத் திருப்பிக்குவாரு" என்றார். அன்று ஆரம்பித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. துரை கப்பலேறிய பிறகு அதே பல்பர் கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்து, பிறகு சொந்தமாகவே வாங்கினேன் என்று நான் யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால், எங்காவது ஒரு பேரன் குதிரைபோலக் கனைப்பான். அந்தத் துத்தநாகத் தொட்டியையும் நான்தான் வாங்கினேன். என் மாடுகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன. வருகிற விருந்தாளிகளுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறாள் என் வீட்டுக்காரி. தோட்டத்தைக் காட்டுவது அதற்குப் பிறகுதான்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டுப் பேத்தியை விட்டு நல்லம்மாளுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். கழுவும் வித்தையில் என்னை மிஞ்சிய ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறேனே, அந்த இடத்தில் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அந்த இடத்தில் காப்பியைத்தான் குடித்தாள். கடைசிவரை கேட்டாள். பிறகு காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, என் பிடரியில் தட்டி, "குட் பாய், குட் பாய்" என்றாள்.

இத்தனை வருஷம் கழித்தும் நான், "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டுத்தான், பின்னால் குதிரை எதுவும் நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.